கண்ணுக்குத் தெரியாத மாசு
சுற்றுப்புற அசுத்தமும் மக்கள் உடல்நலமும்

மனிதன் உயிர் வாழ்வதற்குக் காற்று, நீர், நிலம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. இம்மூன்றிலும் இயல்பாகவே பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்று உடலுக்குத் தீங்கு விளைவிக்கும் அளவை எட்டும்போது அதனை மாசு என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். இவ்விளக்கத்தில் கருத்தூன்ற வேண்டிய சொல் ‘அளவு’ என்பதாகும். ஒரே பொருள் ஓர் அளவில் நன்மை செய்வதும், அதற்குச் சற்று மேற்பட்ட அளவில் கேடு செய்வதும் உண்டு.

மாசினை அறிவதற்கு மக்கள் வழிவழியாகப் பயன்படுத்தி வந்த கருவிகள் கண், மூக்கு, நாக்கு ஆகியவையே. புகை சூழ்ந்தால் விலகிச் செல்கிறோம். துர்நாற்றம் வீசினால் மூக்கைப் பொத்திக் கொள்கிறோம். கலங்கிய நீரைக் கீழே கொட்டிவிட்டுத் தெளிந்த நீரை மொண்டு குடிக்கிறோம். இவ்வெச்சரிக்கை நல்லதே. ஆயினும் இது போதாது. கொடிய மாசுகளுட் சில நிறமும் மணமும் சுவையும் அற்றவை. அவை கலந்த நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், நாவுக்கும் இனிக்கும். ஆண்டுக்கணக்கில் அதனைக் குடித்தவர்களின் பல்லிலும் எலும்பிலும்தான் அதன் விளைவு வெளிப்படும்.

இதற்குத் தக்க சான்றாக அமைந்தது பழைய நெல்லூர் ஜில்லா. இந்திய நாட்டில் புளோரைடு நஞ்சேற்றம் என்னும் வியாதி மக்களிடையே முதன்முதலாக இனங்காணப்பட்டது அங்கேதான். இன்று திருப்பதி ஜில்லாவில் அடங்கியுள்ள நாயுடுபேட்டையும் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் வரை நெல்லூர் ஜில்லாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவ்வரலாற்றைக் கூறுமுன், மாசின் வகைகளைச் சுருக்கமாகக் காண்பது நலம்.

மாசின் வகைகள்

சென்னையையும் கல்கத்தாவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், திருப்பதிக்குச் செல்லும் சாலை பிரியும் இடத்தில் அமைந்துள்ளது நாயுடுபேட்டை. சுவர்ணமுகி ஆறு அதனை ஒட்டிச் சென்று வங்கக் கடலில் கலக்கிறது. சுற்றிலும் நெல் வயல்கள் உள்ளன. அண்மைக் காலத்தில் தொழிற்பேட்டைகளும் தோன்றியுள்ளன. வாகனம், ஆலை, வயல், ஆறு, கிணறு ஆகிய ஐந்தும் ஒருங்கே அமைந்த இத்தகைய ஊர்களில் மாசின் எல்லா வகைகளையும் பற்றிச் சிந்திக்க இடமுண்டு.

முதலாவது, காற்று மாசு. டீசல் எஞ்சின்களின் புகை, ஆலைப் புகை, விறகடுப்பின் புகை, சாலைப் புழுதி ஆகியவை இதில் அடங்கும். கண்ணுக்குத் தெரியும் பருந்தூள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியுடன் வெளியேறிவிடும். 1 மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினை மைக்ரான் என்பர். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்று படிகின்றன. மூச்சிழைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரற் புற்றுநோய் ஆகியவற்றுக்கு இவை காரணமாகின்றன. நெல்லூர்ப் பகுதியில் கூடூரைச் சுற்றியுள்ள மைக்காச் சுரங்கங்கள் பெயர் பெற்றவை. மைக்கா கிடைக்கும் பாறைகளில் சிலிக்காவும் மிகுதியாக உண்டு. அத்தகைய பாறைகளைத் துளைக்கும்போது எழும் நுண்தூளை நெடுங்காலம் சுவாசிப்போருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகும் ‘சிலிக்கோசிஸ்’ நோய் உண்டாகும். இந்நோயிலும் கண்ணில் விழும் தூளைக் காட்டிலும் கண்ணுக்குப் புலப்படாத தூளே கொடியது. இவையன்றி, அடைத்த அறையில் கரியடுப்பு எரிவதால் எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயு நிறமும் மணமும் இன்றி, உறங்குவோரின் உயிரைப் பறிக்க வல்லது.

இரண்டாவது, நீர் மாசு. இதனைக் கிருமி மாசு, ரசாயன மாசு என இரண்டாகப் பிரிக்கலாம். வாந்திபேதி, சீதபேதி, டைபாய்டு, காமாலை முதலியவை கிருமி கலந்த நீரால் பரவுவன. இவை சில நாட்களிலோ சில வாரங்களிலோ வெளிப்படும். ஆகவே காரணத்தை விரைவில் ஊகித்துவிடலாம். ரசாயன மாசு அத்தகையதன்று. வேலூர்ப் பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றங்கரைக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்த செய்தி யாவரும் அறிந்ததே. அது குறித்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பில், மாசு செய்தவரே அதற்குரிய ஈட்டுத் தொகையைச் செலுத்த வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதி செய்யப்பட்டது.

மூன்றாவது, நில மாசு. பூச்சிகொல்லி மருந்துகள், காரீயம் முதலிய உலோகங்கள், மட்காத பொருள்கள் ஆகியவை மண்ணில் தங்கிப் பயிர் வழியாகவும் பால் வழியாகவும் மனித உடலை அடைகின்றன. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. இதனை முன்னிட்டே காரீயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நம் நாட்டில் விலக்கப்பட்டது.

நான்காவது, ஒலி மாசு. இடையறாத பேரொலி காதின் கேட்கும் ஆற்றலைக் குறைப்பதோடு உறக்கத்தைக் கெடுத்து ரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. 2000ஆம் ஆண்டின் விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் மேல் ஒலி இருத்தல் கூடாது.

இவ்வகைகளுள் பெரும்பாலானவை மனிதன் செய்கையால் விளைவன. ஆயினும் மண்ணும் பாறையுமே நீரைக் கெடுக்கும் நிலையும் உண்டு. நெல்லூர் ஜில்லாவில் நேர்ந்தது அதுவே.

1937ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவின் வடமேற்கே பொதிலி, தர்சி, கனிகிரி முதலிய வறண்ட தாலுகாக்கள் இருந்தன. இவை பின்னர் 1970ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட புதிய ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டன. அதற்குப் பிரகாசம் என்னும் பெயர் 1972இல் இடப்பட்டது. இத்தாலுகாக்களில் நோய் முதலில் தென்பட்டது மாடுகளிடத்தில்தான். உழவு மாடுகளின் மூட்டுகள் விறைத்து, அவை நடக்கவியலாமல் நொண்டுவதை விவசாயிகள் கவனித்தனர். வேலைக்கு உதவாத மாடு ஏழைக் குடியானவனுக்குப் பெரும் நஷ்டம். ஆகவே அவன் கண்ணில் அது உடனே பட்டது.

மனிதரிடமும் அதே குறைகள் இருந்தன. சிறுவர்களின் பற்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தும், பழுப்புப் புள்ளிகளுடனும் காணப்பட்டன. நடுவயதை எட்டியவர்கள் கழுத்தைத் திருப்ப முடியாமலும் முதுகை வளைக்க முடியாமலும் துன்புற்றனர். முற்றிய நிலையில் முதுகெலும்பு ஒரே கழிபோல் இறுகி, கால்கள் செயலிழந்தவர்களும் இருந்தனர். ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகிய நால்வர் இந்நோயை ஆராய்ந்தனர். இவர்களுள் ஷார்ட் என்பவர் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் டைரக்டராக இருந்தவர். இவர்களது ஆராய்ச்சிக் கட்டுரை 1937ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளிவந்தது. மக்கள் குடித்து வந்த கிணற்று நீரில் மிகுதியாக இருந்த புளோரைடு உப்பே நோயின் காரணம் என்பது அதனால் புலனாயிற்று.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, பற்களில் தோன்றும் கறையைப் பற்றிய புதிர் அமெரிக்க நாட்டில் விடுபட்டிருந்தது. கொலராடோ மாநிலத்தில் பல் வைத்தியரான மக்கே என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தம் ஊர் மக்களின் பழுப்பு நிறப் பற்களைக் கண்டு காரணம் தேடி வந்தார். குடிநீரே காரணம் என்று அவர் ஐயுற்றபோதிலும், நீரைச் சோதித்தவர்களுக்கு எதுவும் புலப்படவில்லை. 1931ஆம் ஆண்டில் சர்ச்சில் என்னும் ரசாயன அறிஞர் நுட்பமான முறையில் நீரை ஆராய்ந்து, அதில் புளோரைடு இருப்பதைக் கண்டார். காரணம் முப்பது ஆண்டுகள் மறைந்திருந்ததற்கு ஒரே விளக்கம் உண்டு. நீர் தெளிவாக இருந்தது. அதில் புளோரைடைத் தேடி அளக்க எவருக்கும் தோன்றவில்லை.

நீரில் புளோரைடு சேரும் விதம்

கருங்கல் முதலிய பாறைகளில் புளோரைட், அபடைட், மைக்கா போன்ற கனிமங்கள் உள்ளன. இவற்றில் புளோரின் என்னும் தனிமம் பிணைந்திருக்கிறது. மழை நீர் நிலத்துள் இறங்கிப் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும்போது இக்கனிமங்களைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் அது புளோரைடுடன் சேர்ந்து படிந்துவிடும். எனவே புளோரைடின் அளவு ஓரளவுக்கு மேல் உயராது. நீர் உவர்க்காரத் தன்மை கொண்டு, சுண்ணாம்புச் சத்துக் குறைந்திருந்தால் புளோரைடு தடையின்றிக் கரையும். சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீர் குடிப்பதற்கும் ஏற்றது என்பது மக்களின் பொதுவான எண்ணம். புளோரைடு விஷயத்தில் இவ்வெண்ணம் நம்பத் தக்கதன்று.

மழை குறைந்த பகுதிகளில் நிலத்தடி நீர் புதுப்பிக்கப்படுவது குறைவு. வெயிலில் நீர் ஆவியாகி உப்புகள் செறிவடைகின்றன. ஆழம் செல்லச் செல்ல நீர் பாறையோடு உறவாடிய காலமும் கூடுகிறது. ஆகையால் ஒரே கிராமத்தில் ஒரு கிணற்றின் நீர் நல்லதாகவும், இருநூறு கஜம் தள்ளியுள்ள ஆழ்துளைக் கிணற்றின் நீர் தீங்குடையதாகவும் இருக்கக்கூடும். ஒரு கிணற்றைச் சோதித்த முடிவை ஊர் முழுவதற்கும் பொருத்துதல் தவறு.

ஆழ்துளைக் கிணறுகள் பரவியதற்கு நல்ல நோக்கம் ஒன்று இருந்தது. குளத்து நீரிலும் திறந்த கிணற்று நீரிலும் பரவும் வாந்திபேதிக் கிருமிகளிடமிருந்து மக்களைக் காப்பதே அது. அந்நோக்கம் பெருமளவு நிறைவேறியது. ஆனால் கிருமி அற்ற நீர் அனைத்தும் தூய நீர் என்று கருதியதில் பிழை நேர்ந்தது. மேற்கு வங்கத்திலும் வங்க தேசத்திலும் குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்திருந்தது 1980களிலும் 1990களிலும் வெளிப்பட்டதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

உடலில் நிகழ்வது

குடிநீருடன் உட்செல்லும் புளோரைடு இரைப்பையிலும் சிறுகுடலிலும் எளிதில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஒரு பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. எஞ்சியது எலும்பிலும், வளரும் பற்களிலும் சென்று தங்குகிறது. எலும்பு வளரும் பருவமாகையால் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடலில் தங்கும் பகுதி மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

சிறிதளவு புளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும் என்பது உண்மையே. பற்பசைகளில் அது சேர்க்கப்படுவதன் காரணமும் இதுதான். ஆகவே, முதலிற் குறித்தவாறு, வினா அளவைப் பற்றியதே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரவிதியின்படி 1 லிட்டர் நீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம். வேறு நீருக்கு வழியில்லாத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் 1.5 மில்லிகிராமையே எல்லையாகக் கொண்டுள்ளது.

இவ்வெல்லை உஷ்ண நாடுகளில் இன்னும் கவனத்துடன் கையாளப்பட வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு கொண்ட நீரை, நிழலில் அமர்ந்து பணிபுரியும் ஒருவர் நாளொன்றுக்கு 2 லிட்டர் குடிப்பதாகக் கொள்வோம். அவர் உடலில் சேர்வது 6 மில்லிகிராம். அதே நீரைக் கோடை வெயிலில் நாற்று நடும் பெண் 5 லிட்டர் குடித்தால் சேர்வது 15 மில்லிகிராம். கிணறு ஒன்றே, ஆயினும் உழைப்பவருக்கு நேரும் தீங்கு இரண்டரை மடங்காகிறது. அந்நீரில் சமைக்கும் சோறும் குழம்பும் இக்கணக்கில் சேரவில்லை.

உணவின் தரமும் நோயின் கடுமையை மாற்றுகிறது. கிங் நிலையத்தைச் சேர்ந்த பண்டிட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், குழந்தைகளின் பற்கறைக்கும் பெரியவர்களின் எலும்பு நோய்க்கும் ஊட்டக் குறைவு ஒரு துணைக் காரணமாவதை எடுத்துக்காட்டினர். 1973ஆம் ஆண்டில் ஹைதராபாத் தேசீய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசுவாமியும், புளோரைடு மிகுந்த பகுதி இளைஞரிடையே எலும்பு நலிந்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் வகையில் கால்கள் வளைவதை விவரித்தனர். பாலும் கீரையும் கிட்டாத ஏழையின் உடலில் ஒரே அளவு புளோரைடு கூடுதலான கேட்டை விளைவிக்கிறது எனலாம்.

பல் ஒரு பதிவேடு

நிலையான பற்கள் வாய்க்குள் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஈறுக்குள் உருவாகத் தொடங்குகின்றன. முன்பற்களின் எனாமல் குழந்தையின் முதல் நான்கைந்து ஆண்டுகளில் அமைகிறது. ஞானப்பல் நீங்கலாக ஏனையவற்றின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் அமைந்துவிடும். இக்காலத்தில் புளோரைடு மிகுந்தால் எனாமல் செவ்வனே இறுகாமல் நுண்துளைகளுடன் நின்றுவிடுகிறது. எட்டு வயதுச் சிறுவனின் முன்பல், அவன் மழலைப் பருவத்தில் குடித்த நீரின் பதிவேடாக விளங்குகிறது.

தொடக்க நிலையில் பல்லின் பளபளப்புக் குன்றி, சுண்ணக்கட்டி நிறத்தில் வெண்திட்டுகள் காணப்படும். பின்னர் அவை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். கடுமையான நிலையில் குழிகள் விழுந்து பல் சிதையும். வெற்றிலை, புகையிலை, துலக்காமை ஆகியவற்றால் ஏற்படும் அழுக்கிலிருந்து இதனைப் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் உண்டு. புளோரைடுத் திட்டு பல்லின் குறுக்கே கிடைக்கோடாக அமையும். அழுக்கோ ஈறின் ஓரத்தை ஒட்டிப் படியும். புளோரைடுத் திட்டு இடப்புறப் பல்லிலும் அதற்கு இணையான வலப்புறப் பல்லிலும் ஒத்துக் காணப்படும். அழுக்கு அவ்வாறு இணையாக வராது. அழுக்கினைச் சுரண்டி அகற்றலாம். புளோரைடுத் திட்டு எனாமலுக்குள்ளேயே இருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

இவ்வேறுபாட்டை ஆசிரியர் அறிந்திருத்தல் மிகவும் அவசியம். பல் துலக்காத சோம்பேறி என்று வகுப்பில் கண்டிக்கப்படும் சிறுவன், தன் ஊர்க் கிணற்றின் குற்றத்தைச் சுமப்பவனாக இருக்கலாம். அவனைக் கரியும் செங்கற்பொடியும் கொண்டு தேய்க்கச் சொன்னால், ஏற்கெனவே நலிந்த எனாமல் மேலும் தேயும்.

எலும்பு நோயை ஐயுறுவதற்கு மூன்று சோதனைகள்

எலும்பில் ஏற்படும் கோளாறு பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். எலும்பு தடிக்கும், மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் சுண்ணமேறி விறைக்கும். இதனை ஐயுறுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லாத மூன்று சோதனைகள் வழக்கில் உள்ளன. தரையில் கிடக்கும் நாணயத்தை முழங்காலை மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்லுதல் முதலாவது. மோவாயால் மார்பைத் தொடச் சொல்லுதல் இரண்டாவது. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பிடரியைத் தொடச் சொல்லுதல் மூன்றாவது. இவற்றைச் செய்ய இயலாதவர்கள் அனைவரும் புளோரைடு நோயாளிகள் என்று முடிவு கட்டுதல் கூடாது. வாதமும் முதுமையும் இத்தகைய விறைப்பை உண்டாக்கும். ஒரே தெருவில், ஒரே கிணற்றைப் பயன்படுத்துவோரில் பலருக்கு இவ்விறைப்பு இருந்தால் நீரைச் சோதிப்பதும், அவர்களைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் டாக்டரிடம் அனுப்புவதும் கடமையாகும்.

பரிகாரங்கள்

கறைபட்ட எனாமல் மீண்டும் பழைய நிலையை அடைவதில்லை; முற்றிய எலும்பு நோயையும் மருந்தால் மாற்ற இயலாது. ஆரம்ப நிலையில் நல்ல நீரும் நல்ல உணவும் கிடைத்தால் வலி தணிவதுண்டு. ஆகவே வருமுன் காப்பதே முதன்மையான பரிகாரம்.

இவ்விடத்தில் மக்களிடையே பரவலாக உள்ள ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டும். நீரைக் காய்ச்சினால் கிருமிகள் மாயும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். துணியில் வடிகட்டுவதாலும் மணல் வடிப்பானாலும் பயனில்லை.

நாகபுரியிலுள்ள தேசீய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் ‘நல்கொண்டா முறை’ என்னும் வழியை வகுத்தது. நீரின் தன்மைக்கேற்ப அளந்த சுண்ணாம்பையும் படிகாரத்தையும் சேர்த்து மெல்லக் கலக்கி, சுமார் ஒரு மணி நேரம் தெளிய விட்டால், புளோரைடின் பெரும்பகுதி கசடோடு அடியில் தங்கும். மேல்நீரை இறுத்துக் கொள்ளலாம். கிருமி நீக்கப் பிளீச்சிங் பவுடரும் சேர்க்கப்படும். படிகாரத்தைக் கையளவாகப் போடுதல் தகாது. மிகுந்தால் அலுமினியம் நீரில் தங்கும். தூண்டப்பெற்ற அலுமினா என்னும் பொருளின் வழியே நீரைச் செலுத்துவது மற்றொரு முறை. அதன் ஆற்றல் தீர்ந்ததும் புதுப்பிக்கத் தவறினால் அது வெறும் மணலுக்குச் சமம். சவ்வின் வழியே நீரை அழுத்திச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரங்கள் புளோரைடை நன்கு நீக்குகின்றன. ஆனால் அவை ஒதுக்கும் கழிவுநீரில் அது செறிந்திருக்கும். அந்நீரைக் கிணற்றருகே விடுவது நீக்கிய நஞ்சைத் திரும்ப நிலத்துக்குக் கொடுப்பதாகும்.

இவற்றினும் நிலையான வழி, புளோரைடு குறைந்த நீரைக் கொண்டுவருதல். மழை நீரிலும் பெரும்பாலான ஆற்று நீரிலும் புளோரைடு குறைவு. தமிழ் நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் நெடுநாளைய புளோரைடுத் தொல்லையை நீக்கும் பொருட்டு, காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. மைய அரசின் புளோரைடு நோய்த் தடுப்புத் திட்டம் 2008-09இல் ஐந்து ஜில்லாக்களில் தொடங்கியபோது அவற்றுள் ஒன்றாக நெல்லூரும் சேர்க்கப்பட்டது. நோய் இனங்காணப்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் அந்த ஜில்லா அப்பட்டியலில் இடம்பெற்றது, காரணத்தை அறிவதற்கும் அதனை நீக்குவதற்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுகிறது.

ஆசிரியரும் கள ஊழியரும் செய்யத்தக்கவை

இத்தொலைவைக் குறைப்பதில் பள்ளி ஆசிரியருக்கும் கள ஊழியருக்கும் உள்ள பங்கு பெரிது. ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளின் முன்பற்களைப் பகல் வெளிச்சத்தில் ஆண்டுக்கொருமுறை ஆசிரியர் பார்வையிடலாம். திட்டுள்ள பிள்ளைகளின் தெருவையும், அவர்கள் குழந்தைப் பருவத்தில் குடித்த நீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், ஐயத்துக்குரிய கிணறுகள் எவை என்பது தாமே விளங்கும். இப்பணியைப் பிள்ளைகளின் மனம் புண்படாத வகையில் செய்தல் வேண்டும். கறைபட்ட பல்லுடையவனை வகுப்பின் முன் நிறுத்திக் காட்டுதல் ஆகாது.

ஐயத்துக்குரிய நீரைச் சோதிப்பது எளிது. சிர்க்கோனியம் சேர்ந்த அலிசரின் என்னும் செந்நிறச் சாயத்தை நீரில் கலந்தால், புளோரைடு மிகுந்திருக்குமிடத்து நிறம் மஞ்சளை நோக்கி மாறும். இத்தகைய சோதனைப் பெட்டிகளைக் கிராமத்திலேயே கையாளலாம். 2019இல் தொடங்கப்பட்ட ஜல ஜீவன் இயக்கத்தின் கீழ், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனையில் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பெட்டியில் எல்லையை மீறிய நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி உறுதி செய்து கொள்ளவேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறக்கூடுமாதலால், ஆண்டுக்கு இருமுறை சோதிப்பது நலம்.

தீங்குள்ளதெனத் தெரிந்த கிணற்றை அடியோடு மூட வேண்டியதில்லை. குளிக்கவும் துவைக்கவும் அந்நீர் உதவும். தோலின் வழியே புளோரைடு உட்செல்வது பொருட்படுத்தத் தக்கதன்று. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அதனை விலக்கினால் போதும். அதற்கு அடையாளமாகக் கிணற்றின் மீது எழுத்தறியாதவரும் உணரும் வண்ணம் சிவப்பு வர்ணம் தீட்டலாம். பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் நல்ல கிணற்று நீரை முதலில் ஒதுக்குதல் முறையாகும். பால், மோர், கேழ்வரகு, முருங்கைக் கீரை, நெல்லிக்காய் முதலிய சுண்ணச் சத்தும் வைட்டமின் ‘சி’யும் மிக்க உணவுகளை வற்புறுத்துதல் நன்று. இவை நோயின் கடுமையைத் தணிக்க உதவுவன. நல்ல நீருக்கு ஈடாவன அல்ல.

பொதிலி, தர்சிப் பகுதி விவசாயிகள் தங்கள் மாடுகளின் நொண்டலைக் கவனித்ததனால் ஒரு நோயின் மூலம் வெளிப்பட வழி பிறந்தது. அவர்களிடம் கருவி இல்லை; கூர்ந்து நோக்கும் கண்ணும், ‘இது ஏன்’ என்னும் வினாவும் இருந்தன. அவ்வினாவுக்கு விடை தந்தது ஆய்வுக்கூடத்தின் அளவை. காற்றாயினும் நீராயினும் நிலமாயினும் மாசினை அறியும் வழி இதுவே: முதலில் மக்களின் உடலைக் கவனித்தல், அடுத்து அளந்து பார்த்தல். இன்று மூன்று வயதுள்ள குழந்தைக்கு நிலையான முன்பல் முளைப்பதற்கு இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் உள்ளன. ஊர்க் கிணறு இவ்வாண்டே சோதிக்கப்படுமாயின், அப்பற்களில் இன்னும் அமையவேண்டிய எனாமலைக் காக்க இயலும்; அதன் பின்னர் முளைக்கும் பற்களையும், வாழ்நாள் முழுதும் அக்குழந்தையைத் தாங்க வேண்டிய எலும்புகளையும் காப்பாற்றிவிடலாம்.